ரேஸ் கார் படிக்க எக்ஸ்சேஞ்ச் புரோகிராமா? லோன்ல கையெழுத்து போடும் முன் ஒரு கணக்கு



இப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையை யோசிச்சுப் பாருங்க. மெக்கானிக்கல் மூணாவது வருஷம் படிக்கிற தங்கச்சி போனோட வந்து பக்கத்துல உட்கார்றா. "அண்ணா, காலேஜ்ல மோட்டார்ஸ்போர்ட் எக்ஸ்சேஞ்ச் புரோகிராம் வந்திருக்கு. ஒரு செமஸ்டர் ஜெர்மனியில. மொத்தம் 12 லட்சம். அப்பா ரிட்டயர் ஆகப் போறார்ல, அதனால நீ கோ-அப்ளிகன்ட்டா கையெழுத்து போட்டா போதுமாம்."

அந்த "போதுமாம்"ல தான் விஷயமே இருக்கு. உங்க கையெழுத்துதான் அந்த லோனோட உண்மையான அடமானம். வேலைக்குச் சேர்ந்து ரெண்டு மூணு வருஷம் ஆன நிறைய பேருக்கு முதல் பெரிய கடன் தனக்காக வர்றதில்லை, வீட்டுக்காகத்தான் வருது. அதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஆனா எதுக்குக் காசு போகுதுன்னு தெரிஞ்சு கையெழுத்து போடணும்.

அதனால இன்னைக்கு எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்னா என்ன, மோட்டார்ஸ்போர்ட் இன்ஜினீயரிங்ல அது என்ன தரும், என்ன தராது, உங்க பர்ஸுக்கு என்ன ஆகும்னு வரிசையா பார்ப்போம்.

முதல் கேள்வி: இது எக்ஸ்சேஞ்ச் தானா?

எக்ஸ்சேஞ்ச்னா பரிமாற்றம். இங்கிருந்து ஒரு மாணவர் அங்கே போவார், அங்கிருந்து ஒருவர் இங்கே வரலாம். ரெண்டு பல்கலைக்கழகங்களும் ஒப்பந்தம் போட்டு, "உன் பிள்ளைகிட்ட நான் ஃபீஸ் வாங்க மாட்டேன், என் பிள்ளைகிட்ட நீ வாங்காதே"ன்னு முடிவு பண்ணியிருக்கும். மாணவர் தன் சொந்தக் காலேஜுக்கு வழக்கமான ஃபீஸைக் கட்டுவார். வெளிநாட்டுப் பல்கலைக்கு ட்யூஷன் ஃபீஸ் கட்ட வேண்டியதில்லை. விசா, விமானம், இன்ஷூரன்ஸ், தங்குமிடம், சாப்பாடு மட்டும் நம்ம செலவு. ஜெர்மனியில செமஸ்டர் கட்டணம்னு ஒண்ணு உண்டு. அதுவும் சில நூறு யூரோவுக்குள்ளதான் வரும்.

இன்னொரு அடையாளம்: உண்மையான எக்ஸ்சேஞ்சுக்கு மாணவர் நேரடியா அப்ளை பண்ண முடியாது. சொந்தக் காலேஜ் அவரை நாமினேட் பண்ணணும். இடங்களும் கொஞ்சம்தான் இருக்கும்.

ஆனா நடைமுறையில "எக்ஸ்சேஞ்ச்"னு பெயர் போட்டு மூணு விதமான சரக்கு விற்குது. ஒண்ணு, மேலே சொன்ன அசல் எக்ஸ்சேஞ்ச். ரெண்டாவது, காசு கட்டிப் படிக்கிற செமஸ்டர் அல்லது சம்மர் ஸ்கூல். இதுல வெளிநாட்டு ஃபீஸும் கட்டணும், பல நேரம் இங்கே காலேஜ் ஃபீஸும் ஓடிக்கிட்டே இருக்கும். மூணாவது, இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம்னு படிச்சு அங்கே டிகிரி வாங்குற திட்டம். மூணும் சட்டப்படி சரிதான். ஆனா மூணோட விலையும் வேற வேற.

இப்போ ஜெர்மனி உதாரணத்துக்கே வருவோம். அங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைகளில் முழு டிகிரிக்கே ட்யூஷன் ஃபீஸ் கிடையாது. விதிவிலக்கு இருக்கு: பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்துல ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் டெக்னிகல் யுனிவர்சிட்டியும் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து ஃபீஸ் வாங்க ஆரம்பிச்சிருக்கு. ஆனா இவையெல்லாம் டிகிரி படிக்க வர்றவங்களுக்கு. அப்படி இருக்க, எக்ஸ்சேஞ்சுன்னு சொல்லி ஒரு செமஸ்டருக்கு ஆறு லட்சம் ஃபீஸ் கேட்டா, அந்த ஆறு லட்சம் யார் அக்கவுன்ட்டுக்குப் போகுதுன்னு கேட்கிறதுல கூச்சமே வேண்டாம்.

கணக்கு போட்டுப் பார்ப்போம்

கணக்கு சுலபமா இருக்கிறதுக்காக ஒரு யூரோ 100 ரூபாய்னு வெச்சுக்குவோம். நீங்க போடும்போது அன்னைக்கு உங்க பேங்க் தர்ற ரேட்டை எடுத்துக்கோங்க.

ஜெர்மன் ஸ்டூடன்ட் விசாவுக்கு மாதச் செலவுக்குன்னு 992 யூரோ காட்டணும் (வருஷத்துக்கு 11,904 யூரோ, 2024 செப்டம்பரில் வந்த அளவு). இதைத்தான் பிளாக்டு அக்கவுன்ட்ல போடுவாங்க. அஞ்சு மாசத்துக்கு 4,960 யூரோ, அதாவது சுமார் 5 லட்சம். விமானம், விசா, இன்ஷூரன்ஸ், குளிருக்கு ரெண்டு ஜாக்கெட், எல்லாம் சேர்த்து 1.25 லட்சம்னு நான் ஒரு மதிப்பீடு வெக்கிறேன்.

அசல் எக்ஸ்சேஞ்ச்னா: 5 + 1.25 = 6.25 லட்சம்.
ஃபீஸ் கட்டுற செமஸ்டர்னா: 6.25 + 6 = 12.25 லட்சம்.

வித்தியாசம் ஆறு லட்சம்தானேன்னு விட்டுடாதீங்க. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரி எஜுகேஷன் லோன் திட்டப்படி, 7.5 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேட்க மாட்டாங்க. அதைத் தாண்டினா கேட்பாங்க. அதாவது முதல் கணக்குல வீட்டுப் பத்திரம் பீரோவுலேயே இருக்கும். ரெண்டாவது கணக்குல அது பேங்க் லாக்கருக்குப் போகும். இல்லைன்னா சொத்து கேட்காத என்பிஎஃப்சி கிட்ட போவாங்க. அவங்க எதை நம்பிக் கொடுப்பாங்க? உங்க சேலரி ஸ்லிப்பை. உங்க கையெழுத்து ஏன் வேணும்னு இப்போ புரியுதா?

லோனை 11% வட்டியில 7 வருஷத்துக்கு எடுத்தா:

6 லட்சம் லோன்: இஎம்ஐ சுமார் 10,270 ரூபாய், மொத்த வட்டி சுமார் 2.63 லட்சம்.
12 லட்சம் லோன்: இஎம்ஐ சுமார் 20,550 ரூபாய், மொத்த வட்டி சுமார் 5.26 லட்சம்.

இதுல இன்னொரு நுணுக்கம். படிப்பு முடியும் வரைக்கும், அதுக்கு மேல ஒரு வருஷம் வரைக்கும் இஎம்ஐ கட்ட வேண்டாம்னு மாரடோரியம் தருவாங்க. கட்ட வேண்டாம்னா வட்டி ஓடாதுன்னு அர்த்தம் இல்லை. 12 லட்சத்துக்கு 11% வட்டி, வருஷத்துக்கு 1.32 லட்சம். அந்தக் காலத்துல வட்டியையாவது மாசாமாசம் கட்டிட்டா, பின்னாடி அசல் வீங்காது.

கையெழுத்து போட்டா உங்களுக்கு என்ன ஆகும்?

கோ-அப்ளிகன்ட்னா சிபாரிசு பண்றவர் இல்லை, கடன்காரர். தங்கச்சி பேர்ல இருக்கிற அதே முழுத் தொகை உங்க கிரெடிட் ரிப்போர்ட்லயும் வரும். பாதி இல்லை, முழுசு. ஒரு மாசம் தவறினாலும் ரெண்டு பேர் ஸ்கோரும் அடிவாங்கும்.

"அப்போ கேரண்டாரா மட்டும் போடறேன்"னு சொன்னா தப்பிக்கலாமா? இந்திய ஒப்பந்தச் சட்டம் 128-வது பிரிவுப்படி, கேரண்டாரோட பொறுப்பும் கடன் வாங்கினவரோட பொறுப்பும் சமம். ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதியிருந்தா மட்டும்தான் விலக்கு. பேங்க் எழுதுற ஒப்பந்தத்துல அப்படி எழுதியிருக்கும்னு எதிர்பார்க்காதீங்க.

உங்க கையில வர்ற சம்பளம் 45,000ன்னு வெச்சுக்குவோம். 20,550 இஎம்ஐ அதுல கிட்டத்தட்ட 46%. நாளைக்கு நீங்க ஹோம் லோன் கேட்டா, பேங்க் ஏற்கெனவே இருக்கிற இஎம்ஐயைக் கழிச்சுட்டுத்தான் உங்க தகுதியைப் பார்க்கும். இந்த நிலைமையில உங்களுக்குக் கிடைக்கிற தொகை ரொம்பவே சுருங்கிடும். தங்கச்சியே ஒழுங்கா கட்டிக்கிட்டு வந்தாலும் பேங்க் கண்ணுக்கு அது உங்க கடனும்தான்.

டாக்ஸ்ல ஏதாவது கிடைக்குமேன்னு கேப்பீங்க. இங்கேதான் பலரும் ஏமாறுறாங்க. எஜுகேஷன் லோன் வட்டிக்கு 80ஈன்னு நாம சொல்ற விலக்கு, தனக்காகவோ, கணவன் அல்லது மனைவிக்காகவோ, பிள்ளைகளுக்காகவோ, தான் சட்டப்படி கார்டியனா இருக்கிற மாணவருக்காகவோ எடுத்த லோனுக்கு மட்டும்தான். அண்ணன், தம்பி, அக்கா, தங்கை அந்தப் பட்டியல்லயே இல்லை! நீங்களே மாசாமாசம் இஎம்ஐ கட்டினாலும் உங்க ரிட்டர்ன்ல இதைக் காட்ட முடியாது. தங்கச்சி வேலைக்குப் போய்த் தன் சம்பளத்துல கட்டினா, அவளுக்கு விலக்கு உண்டு. அதுவும் பழைய டாக்ஸ் ரெஜீம்ல இருந்தா மட்டும், அதிகபட்சம் எட்டு வருஷத்துக்கு.

வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும்போது பிடிக்கிற டிசிஎஸ் பற்றியும் ஒரு வரி. 2025 ஏப்ரலிலிருந்து ஒரு நிதியாண்டுல ஒருத்தர் அனுப்புற மொத்தப் பணம் 10 லட்சத்துக்குள்ள இருந்தா டிசிஎஸ் கிடையாது. முறையான எஜுகேஷன் லோன்ல இருந்து போற பணத்துக்கும் கிடையாது. பிடிச்சிருந்தாலும் ரிட்டர்ன்ல கணக்குக் காட்டித் திரும்ப வாங்கிக்கலாம். ஆக இது செலவு இல்லை, கொஞ்ச நாள் முடங்குற பணம்.

சரி, அந்த ஒரு செமஸ்டர் என்ன தரும்?

இது வெறும் டூர்னு நான் சொல்ல மாட்டேன். மோட்டார்ஸ்போர்ட் படிப்புல வகுப்பறையை விடப் பெரிய பள்ளிக்கூடம் ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிதான். மாணவர்கள் தாங்களே ஒரு சின்ன ரேஸ் காரை டிசைன் பண்ணி, கட்டி, ஓட்டணும். 1981ல் அமெரிக்காவுல ஃபார்முலா எஸ்ஏஇன்னு ஆரம்பிச்சது, 1998ல் இங்கிலாந்துக்கு வந்துச்சு. 2006லிருந்து ஜெர்மனியோட போட்டி ஹாக்கன்ஹைம் டிராக்கில் நடக்குது. ரேஸிங் டீம்கள் ஆள் எடுக்கும்போது இந்த அனுபவத்தைத் தேடிப் பார்க்கும்.

நம்ம சேனல் ஆட்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இதுல இருக்கு. ஃபார்முலா எஸ்ஏஇ போட்டியில மொத்தம் 1,000 மார்க். வேகமா ஓட்டினா மட்டும் ஜெயிக்க முடியாது. டிசைனுக்கு 150, செலவுக் கணக்குக்கு 100, பிசினஸ் திட்டத்தை விளக்குறதுக்கு 75. ஆக 325 மார்க் கார் நகராமலேயே வாங்க வேண்டியது. ஒரு போல்ட் என்ன விலைன்னு சொல்லத் தெரியணும். செலவைக் கணக்கு பண்ணத் தெரிஞ்சவங்கதான் நல்ல ரேஸ் இன்ஜினீயர்!

ஆனா எக்ஸ்சேஞ்ச்ல போறவருக்கு ஒரு சிக்கல், காலண்டர். ஜெர்மன் போட்டி ஆகஸ்ட்ல நடக்கும். டீம்கள் முந்தின இலையுதிர் காலத்துல டிசைன் ஆரம்பிச்சு, குளிர்காலத்துல பாகங்கள் செஞ்சு, வசந்தத்துல டெஸ்டிங் பண்ணுவாங்க. அங்கே குளிர்கால செமஸ்டர் வகுப்புகள் அக்டோபர்ல தொடங்கும், கோடைக்காலம் ஏப்ரல்ல. அக்டோபர்ல போனா டிசைன் வேலை கிடைக்கும், ஆனா போட்டிக்கு முன்னாடியே ஊருக்குத் திரும்பணும். ஏப்ரல்ல போனா டெஸ்டிங், டேட்டா வேலை கிடைக்கும், ஆனா முக்கியப் பொறுப்புகள் ஏற்கெனவே பிரிச்சாச்சு. அதனால "டீம்ல சேர்க்கிறேன்"னு காலேஜ் சொன்னா போதாது. போறதுக்கு முன்னாடியே தங்கச்சி அந்த டீமுக்கு மெயில் போட்டு, எந்த வேலை தருவீங்கன்னு கேட்டு பதில் வாங்கணும். பதில் வந்தா அந்தச் செமஸ்டருக்கு உண்மையிலேயே மதிப்பு இருக்கு.

அடுத்தது கிரெடிட். ஐரோப்பாவுல ஒரு முழு செமஸ்டருக்கு 30 ஈசிடிஎஸ் கிரெடிட். அங்கே எழுதுற பாடங்கள் இங்கே எந்தப் பாடங்களுக்கு ஈடுன்னு, விமானம் ஏறும் முன்னாடியே லேர்னிங் அக்ரிமென்ட்ல கையெழுத்தாகணும். இல்லைன்னா திரும்பி வந்து அரியர் மாதிரி எல்லாத்தையும் மறுபடி எழுத வேண்டி வரும். ஒரு செமஸ்டர் தள்ளிப் போனா, ஆறு மாசச் சம்பளமும் தள்ளிப் போகும். அதையும் செலவுல சேர்த்துக்கோங்க.

அது தராத ஒண்ணு: வேலை விசா

"அங்கே போனா எஃப்1 டீம்ல செட்டில் ஆகிடலாம்"னு யாராவது சொன்னா, அங்கேயே நிறுத்துங்க. எஃப்1 டீம்கள்ல பெரும்பாலானவை இங்கிலாந்துல இருக்கு. மெர்சிடிஸ் பிராக்லியில, ரெட் புல் மில்டன் கீன்ஸ்ல, வில்லியம்ஸ் குரோவ்ல, மெக்லாரன் வோக்கிங்ல. அங்கே படிச்சு முடிச்சதும் வேலை தேட கிராஜுவேட் ரூட் விசா இருக்கு. அது அந்த நாட்டுல டிகிரி முடிச்சவங்களுக்குத்தான். ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்சுக்குக் கிடையாது. அந்த விசாவும் 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிற பேச்சிலர்ஸ், மாஸ்டர்ஸ் மாணவர்களுக்கு ரெண்டு வருஷத்திலிருந்து 18 மாசமா குறையுது. அதுக்கு மேல இருக்கணும்னா கம்பெனி ஸ்பான்சர் பண்ணணும். 2025 ஜூலையிலிருந்து ஸ்கில்டு ஒர்க்கர் விசாவுக்குப் பொதுவான சம்பள வரம்பு 41,700 பவுண்டு, புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு 33,400. இதைக் கொடுத்து ஃப்ரெஷரை எடுக்க எத்தனை டீம் முன்வரும்னு நீங்களே யோசிங்க.

ஆக, எக்ஸ்சேஞ்ச் ஒரு அனுபவம், ஒரு ரெஸ்யூமே வரி, நல்ல நட்பு. வேலைக்கான டிக்கெட் இல்லை. 6 லட்சத்துக்கு அது நியாயமான விலையா இருக்கலாம். 12 லட்சத்துக்கு இல்லைங்கறது என் கருத்து.

இதைவிடக் குறைஞ்ச செலவுல வழி உண்டா?

இருக்கு. முதல் வழி நம்ம ஊர்லயே இருக்கு. ஃபார்முலா பாரத் போட்டி கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வேயில நடந்து வருது. 2005ல் எஃப்1ல ஓட்டின முதல் இந்தியரான நாராயண் கார்த்திகேயனோட ஊர் அது. தங்கச்சி காலேஜ்ல டீம் இருக்கா, அவ அதுல இருக்காளான்னு முதல்ல கேளுங்க. இங்கே ஒரு வருஷம் கையில கிரீஸ் படாம, அங்கே அஞ்சு மாசத்துல எதுவும் ஒட்டாது. இங்கே டீம்ல வேலை செஞ்சிருந்தா, வெளிநாட்டு டீமும் மதிச்சு வேலை கொடுக்கும்.

ரெண்டாவது, எராஸ்மஸ் பிளஸ். ஐரோப்பிய ஒன்றியத்தோட திட்டம். காலேஜுக்கும் ஐரோப்பியப் பல்கலைக்கும் இதுல ஒப்பந்தம் இருந்தா, மாணவருக்கு அங்கே ட்யூஷன் ஃபீஸ் இல்லை. மேல மாதச் செலவுக்கு நாட்டைப் பொறுத்து சுமார் 800 முதல் 900 யூரோ உதவித்தொகையும் உண்டு. காலேஜ் இன்டர்நேஷனல் ஆஃபீஸ்ல ஒரு தடவை கேட்டுப் பார்க்க காசா பணமா?

மூணாவது, பொறுமை. மோட்டார்ஸ்போர்ட் தான் வாழ்க்கைன்னு அவ உறுதியா இருந்தா, டிகிரி முடிச்சு ரெண்டு வருஷம் ஆட்டோமொபைல் கம்பெனியில வேலை பார்த்துட்டு முழு மாஸ்டர்ஸுக்குப் போகலாம். இத்தாலியில மூனர்னு ஒரு கூட்டமைப்பு இருக்கு. போலோன்யா, மோதேனா, பார்மா, ஃபெராரா பகுதிப் பல்கலைகளும் ஃபெராரி, லம்போர்கினி, டுகாட்டி, டல்லாரா மாதிரி கம்பெனிகளும் சேர்ந்து நடத்துறது. ஆங்கிலத்துலேயே மாஸ்டர்ஸ் இருக்கு. இத்தாலி அரசுப் பல்கலைகளில் ஃபீஸ் குடும்ப வருமானத்தைப் பொறுத்தது, வருஷத்துக்குச் சில ஆயிரம் யூரோவுக்குள்ள முடியும். 12 லட்சத்தை ஒரு செமஸ்டருக்குக் கொடுக்கிறதை இதோட ஒப்பிட்டுப் பாருங்க.

கையெழுத்துக்கு முன் கேட்க வேண்டியவை

1. வெளிநாட்டுப் பல்கலையோட வெப்சைட்ல நம்ம காலேஜ் பார்ட்னர் பட்டியல்ல இருக்கா?
2. ட்யூஷன் ஃபீஸ் விலக்குன்னு எழுத்துல இருக்கா? வெறும் புரிந்துணர்வு ஒப்பந்தம்னா போதாது.
3. பணம் யார் அக்கவுன்ட்டுக்கு? பல்கலைக்கா, நடுவுல ஒரு ஏஜென்ஸிக்கா?
4. அந்தச் செமஸ்டருக்கு இங்கேயும் ஃபீஸ் கட்டணுமா?
5. லேர்னிங் அக்ரிமென்ட் தயாரா?
6. விசா ரிஜெக்ட் ஆனா எவ்வளவு திரும்ப வரும், எத்தனை நாள்ல?

இதுல முதல் மூணுக்கு எழுத்துல பதில் வரலைன்னா பேனாவை மூடி வெச்சுடுங்க.

கடைசியா, வீட்டுல எப்படிச் சொல்றது?

முடியாதுன்னு சொல்றது கஷ்டம், தெரியும். அதனால கையெழுத்துக்குப் பதிலா ஒரு தொகையைச் சொல்லுங்க. எஃப்1லேயே 2021லிருந்து டீம்களுக்குச் செலவு உச்சவரம்பு வந்தாச்சு, அந்த வருஷம் 145 மில்லியன் டாலர். கோடி கோடியா வெச்சிருக்கிறவங்களுக்கே வரம்பு இருக்கும்போது நமக்கு இருக்கக் கூடாதா?

"உனக்காக என்னால ரெண்டு லட்சம் தர முடியும், திருப்பித் தர வேண்டாம். லோனா இருந்தா 6 லட்சத்துக்கு மேல கையெழுத்து போட மாட்டேன். ஃபீஸ் இல்லாத அசல் எக்ஸ்சேஞ்ச் கண்டுபிடி, ரெண்டு பேரும் உட்கார்ந்து அப்ளிகேஷன் போடுவோம்." இப்படிச் சொல்லிப் பாருங்க. (ரெண்டு லட்சம் என் உதாரணம். உங்க எமர்ஜென்சி ஃபண்டைத் தொடாம எவ்வளவு முடியுமோ அதுதான் உங்க தொகை.) இது தங்கச்சியோட கனவுக்கு நோ சொல்றது இல்லை. அந்தக் கனவு பேரைச் சொல்லி யாரோ போட்ட விலைக்கு நோ சொல்றது.

ஒருவேளை கணக்கெல்லாம் சரியா வந்து நீங்க கையெழுத்து போட்டா, ரெண்டு வேலையை அன்னைக்கே முடிச்சுடுங்க. லோன் அக்கவுன்ட்டோட மெசேஜ் உங்க நம்பருக்கும் வர்ற மாதிரி பேங்க்ல பதிவு பண்ணுங்க. மாரடோரியம் முடியிற மாசத்தை போன் காலண்டர்ல போட்டு வையுங்க. கடன் பெரிசா இருக்கிறதை விட, கடன் ஆரம்பிச்சது தெரியாம இருக்கிறதுதான் ஸ்கோரைக் கெடுக்கும்.

இதே கணக்கை உங்க சம்பளத்துக்கும் உங்க வீட்டு நிலைமைக்கும் போட்டுப் பாருங்க. இஎம்ஐ கணக்கு எப்படிப் போடுறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல படிப்படியா காட்டியிருக்கேன். தங்கச்சியையும் பக்கத்துல உட்கார வெச்சுப் பாருங்க. கடன்ல அவ பேரும் இருக்கே!